தேக்காவுக்கு முன்னால் ஓர் ஆறு

சிங்கப்பூர் போய்வந்த நம்மூர்க்காரர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பட்டியல் பெரும்பாலும் மாறாது. சென்டோசா, யுனிவர்சல் ஸ்டூடியோஸ், மரினா பே சேண்ட்ஸ் பின்னணியில் ஒரு படம், முஸ்தபா கடையில் தைலமும் சாக்லேட்டும், தேக்காவில் சாப்பாடு. நடுவில் மெர்லயன் சிலையின் வாயிலிருந்து கொட்டும் தண்ணீரைத் தாங்கள் குடிப்பதுபோல் வாயைப் பிளந்துகொண்டு ஒரு படம். 8.6 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிலையை 1972-இல் நிறுவியபோது ஓர் ஆற்றின் முகத்துவாரத்தில்தான் நிறுத்தினார்கள். படம் எடுத்துக்கொண்டவர்கள் ஆற்றைக் கவனித்ததாகச் சொல்லிக் கேட்டதில்லை.

கவனிக்காமல் போவதற்குக் காரணம் உண்டு. தேம்ஸ் 346 கிலோமீட்டர், சேன் 777 கிலோமீட்டர். லண்டனையும் பாரிஸையும் ஆற்றுநகரங்கள் என்று படித்து வளர்ந்த நமக்கு, கிம் செங் பாலத்திலிருந்து கடல்வாய் வரை மொத்தமே 3.2 கிலோமீட்டர் ஓடும் சிங்கப்பூர் ஆறு ஒரு வாய்க்காலாகத்தான் படும். முக்கால் மணி நேரத்தில் கரையோரமாக நடந்து முடித்துவிடலாம். ஆனால் இந்த நகரத்தைப் பெற்றது இந்த வாய்க்கால்தான். தமிழர்கள் இங்கே காலூன்றியதும் இதன் கரைகளில்தான். தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியாவில் நாம் பார்ப்பது அந்தக் கதையின் இரண்டாம் அத்தியாயம்.

ஆற்றின் வாயிலிருந்தே தொடங்குவோம். ஆசிய நாகரிகங்கள் அரும்பொருளகத்துக்குப் பக்கத்தில், புல்தரையில், டல்ஹவுசி நினைவுத்தூண் நிற்கிறது. 1850-இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பிரபு இங்கே வந்துபோனதற்காக எழுப்பியது. பெரும்பாலான பயணிகள் அதன் நிழலில் நின்று கைபேசியைப் பார்க்கிறார்கள். நீங்கள் அதைச் சுற்றிவந்து பாருங்கள். தடையற்ற வணிகத்தின் நன்மையை டல்ஹவுசி உணர்ந்தார் என்ற சேதி ஆங்கிலம், சீனம், ஜாவி எழுத்தில் மலாய், தமிழ் என நான்கு மொழிகளிலும் பொறித்திருக்கிறது. சிங்கப்பூர் 1965-இல் தனிக் குடியரசானபோது சட்டத்தில் எழுதிய நான்கு அதிகாரபூர்வ மொழிகளும் இவையேதான். அதற்கும் நூறாண்டுக்கு முன்பே கல்லில் தமிழை ஏற்றியிருக்கிறார்கள் என்றால், அதை நின்று படிக்கக்கூடிய வணிகர்கள் இந்தக் கரையில் இருந்தார்கள் என்று பொருள்.

டல்ஹவுசிக்கு இங்கே என்ன வேலை என்று தோன்றலாம். 1867 ஏப்ரல் 1 வரை சிங்கப்பூரைக் கல்கத்தாவிலிருந்துதான் ஆண்டார்கள். ஆற்றைச் சுற்றியுள்ள பெயர்களைப் பாருங்கள்: எல்ஜின் பாலம், கேனிங் கோட்டை, கேவனாக் பாலம். எல்ஜினும் கேனிங்கும் இந்தியாவின் வைஸ்ராய்கள். கேவனாக், இந்திய ஆட்சியின் கீழ் சிங்கப்பூரில் இருந்த கடைசி கவர்னர்.

கேவனாக் பாலம் தூணிலிருந்து கூப்பிடு தூரம். கிளாஸ்கோவில் இரும்பு வார்த்து, கப்பலில் கொண்டுவந்து பூட்டி, 1869-இல் திறந்தார்கள். சென்னையில் கூவம் கடலைத் தொடும் இடத்தில் நேப்பியர் பாலம் வந்ததும் அதே 1869-இல். சூயஸ் கால்வாயைத் திறந்ததும் அதே ஆண்டு. நீராவிக் கப்பல்கள் பெருகின, ஆற்றுக்குள் சரக்குப் படகுகள் நெருக்கியடித்தன. கடல் ஏற்றத்தின்போது பாலத்தின் அடியில் படகுகள் நுழைய முடியாமல் காத்துக் கிடந்தன. 1910-இல் பக்கத்திலேயே ஆண்டர்சன் பாலத்தைக் கட்டி, பழைய பாலத்தைப் பாதசாரிகளுக்கு விட்டுவிட்டார்கள். அதன் முகப்பில் பழைய போலீஸ் அறிவிப்புப் பலகை இன்னும் இருக்கிறது. 3 ஹண்ட்ரட்வெயிட், அதாவது சுமார் 150 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியும், மாடும் குதிரையும் பாலத்தில் ஏறக்கூடாதாம். இன்றைக்கு அந்தத் தடை பாதிக்கக்கூடிய ஒருவரையும் அங்கே காண முடியாது. ஆனால் மாட்டுவண்டிகள் போய்வந்த நகரம் இது என்பதற்கு அந்தப் பலகை சாட்சி. அந்த மாடுகளைப் பிறகு சிராங்கூன் சாலையில் சந்திப்போம்.

பாலத்தைத் தாண்டாமல் இடக்கரையில் நடந்தால் பிரிட்டிஷ் சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸின் வெள்ளைச் சிலை. 1819 ஜனவரியில் அவர் கரையிறங்கியதாகச் சொல்லப்படும் இடம். 200-ஆம் ஆண்டு நினைவாக 2019-இல் அந்தச் சிலைக்குத் துணையாக மேலும் நான்கு பேரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தார்கள். இளவரசர் சாங் நீல உத்தமன், வணிகர் டான் டோக் செங், எழுத்தர் முன்ஷி அப்துல்லா. நான்காமவர் நாராயண பிள்ளை. 1819 மே மாதம் ராஃபிள்ஸ் இரண்டாம் முறை வந்தபோது அதே கப்பலில் பினாங்கிலிருந்து வந்தவர். இந்தப் புது ஊரில் வீடு கட்ட ஆள் வேண்டும், கல் வேண்டும் என்று கண்டு, பினாங்குக்குச் சொல்லியனுப்பி கொத்தர்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டார். பிறகு துணிக்கடை வைத்து, 1822-இல் அது தீக்கிரையாகி, கடனில் விழுந்து, மீண்டும் எழுந்தார். 1827-இல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயிலை நிறுவினார். முதலில் மரமும் கூரையுமாக இருந்த கோயில் அது. சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில், இன்று சைனாடவுன் நடுவில் இருப்பதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் குழம்புவார்கள். கோயில் எங்கும் போகவில்லை. தமிழர் குடியிருப்பு ஆற்றின் தென்கரையில் இருந்த காலத்தில் கட்டியது, அவ்வளவுதான்.

1822-இல் வகுத்த நகரத் திட்டத்தில் தென்கரையில் சூலியர்களுக்கென ஒரு கம்பமே, அதாவது குடியிருப்பே, குறித்திருந்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களை இங்கே சூலியா என்றார்கள். வணிகர்கள், பணமாற்றுக்காரர்கள், படகோட்டிகள். வெளித் துறையில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆற்றுக்குள் சரக்கு கொண்டுவந்த தோணிகளில் ஆரம்ப காலத்தில் துடுப்புப் போட்டவர்களில் பெரும் பங்கு அவர்களுக்கு. பிறகுதான் அந்தத் தொழில் சீனர்கள் கைக்குப் போனது. சூலியர்கள் விட்டுச்சென்ற தடங்கள் மூன்றையும் அரை மணி நடையில் பார்த்துவிடலாம். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1826-இல் தொடங்கிய ஜாமியா சூலியா பள்ளிவாசல், மாரியம்மன் கோயிலுக்கு நாலு கடை தள்ளி. தெலுக் ஆயர் தெருவில், முதலில் குடிசையாக இருந்ததால் குச்சுப் பள்ளி என்றழைத்த அல்-அப்ரார் பள்ளிவாசல். அதே தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையே கட்டிய நாகூர் தர்கா, நம் நாகூரின் சிறு நகல். தெலுக் ஆயர் தெரு அப்போது கடற்கரை. பத்திரமாக வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்ல, இறங்கிய இடத்திலேயே கட்டியிருக்கிறார்கள். அல்-அப்ராருக்கும் தர்காவுக்கும் நடுவில் சீனர்கள் அதே காரணத்துக்காகக் கடல்தாய்க்குக் கட்டிய தியான் ஹோக் கெங் கோயில். இன்று அங்கிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் பல கட்டடங்களைத் தாண்டி நடக்க வேண்டும். அத்தனையும் கடலைத் தூர்த்து எடுத்த நிலம்.

மறுபடி ஆற்றுக்கு வருவோம். போட் கீயின் வளைவில் வரிசையாக நிற்கும் பழைய கடைவீடுகள் இன்று மதுக்கூடங்களும் கடலுணவுக் கடைகளும். கையைப் பிடித்து இழுக்காத குறையாக மெனு அட்டையை நீட்டுவார்கள். கடந்து பின்பக்கம் போனால் சூலியா தெரு, அதையொட்டி மார்க்கெட் தெரு. நகரத்தார்களின் கிட்டங்கிகள் இருந்த இடம் இது. கிட்டங்கி என்றால் கடை, வட்டிக்கடை, விடுதி எல்லாம் ஒன்றே. கீழ்த்தளத்தில் வரிசையாகப் பாய், அதன்மேல் குட்டை மேசை, பக்கத்தில் பெட்டகம். ஒவ்வொரு மேசையும் ஒரு மார்க்கா, ஒரு நிறுவனம். ஊரில் மனைவி மக்களை விட்டுவிட்டு வந்த மேலாள்களும் அடுத்தாள்களும் பகலில் அந்தப் பாயில் கணக்கெழுதி, இரவில் அங்கேயே படுத்தார்கள். ஐரோப்பிய வங்கிகள் வாசலில்கூட விடாத சின்ன வியாபாரிக்கு ஆற்றங்கரையில் கடன் கொடுத்தது அந்த மேசைகள்தான். நகரச் சீரமைப்பில் கிட்டங்கிகள் இடிந்தன. மார்க்கெட் தெருவில் இன்று 280 மீட்டர் உயரத்துக்கு கேப்பிட்டாஸ்பிரிங் கோபுரம் எழுந்து நிற்கிறது. ஆற்றோரம் அரும்பொருளகத்தின் அருகே, செட்டியார் ஒருவர் உட்கார்ந்திருக்க நவீன நிதிநிறுவனக்காரர்கள் பக்கத்தில் நிற்கும் வெண்கலச் சிற்பத் தொகுதி ஒன்று உண்டு. கிட்டங்கிக்கு நகரம் செலுத்திய மரியாதை அது.

நகரத்தார்கள் 1859-இல் ஆற்றின் வடகரையில், டேங்க் ரோட்டில் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் மட்டும் அசையவில்லை. இப்போதிருப்பது 1983-இல் புதுப்பித்த கட்டடம். தைப்பூசத்துக்கு முதல்நாள் வெள்ளி ரதம் இங்கிருந்துதான் புறப்பட்டு, கியோங் சைக் ரோட்டிலுள்ள லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போய்வருகிறது.

வணிகர்கள் பெயர் தெருவிலாவது நிலைத்தது. கட்டியவர்கள் பெயர் அதுவுமில்லை. 1825-இல் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து முதல் தொகுதி இந்தியக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். அதன்பின் சென்னை, வங்காள மாகாணங்களிலிருந்து நாடுகடத்தப்பட்டவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1873 வரை சாலை போட்டதும் சதுப்பைத் தூர்த்ததும் அவர்கள். இஸ்தானா மாளிகையும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் அவர்கள் கைவேலை. ஆற்றிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் அந்தத் தேவாலயத்துக்குள் போய்ச் சுவரையும் தூண்களையும் பாருங்கள். கைதிகளுக்குப் பொறுப்பாயிருந்த மக்நேர் என்ற அதிகாரி 1899-இல் எழுதிய நூலில் அந்தப் பூச்சின் பக்குவத்தைச் சொல்லியிருக்கிறார். மணல் சேர்க்காத கிளிஞ்சல் சுண்ணாம்பு. அதோடு முட்டை வெள்ளைக்கருவும் கருப்பட்டி போன்ற முரட்டுச் சர்க்கரையும் சேர்த்துக் களியாக அடிக்க வேண்டும். தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரை விட்டு இளக்க வேண்டும். பூசி உலர்ந்ததும் உருண்டைக் கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைக் கையால் தடவிப் பார்த்தவர்களுக்கு இந்தச் செய்முறை புதிதில்லை. இங்கே அதற்கு மெட்ராஸ் சுண்ணாம்பு என்றே பெயர்.

அந்தச் சுண்ணாம்புக்கும் செங்கல்லுக்கும் சூளை வேண்டுமே. அது இருந்த இடம்தான் இன்றைய லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலை. ரொச்சோர் நீரோட்டத்தை ஒட்டிய தாழ்நிலம் அது. பழைய தமிழர்கள் அந்தப் பகுதியைச் சுண்ணாம்புக் கம்பம் என்றார்கள். 1840-களில் பக்கத்திலேயே குதிரைப் பந்தயத் திடல் வந்தது, ரேஸ் கோர்ஸ் ரோடு அதன் மிச்சம். தண்ணீரும் புல்லும் இருந்ததால் மாட்டு வியாபாரம் வளர்ந்தது. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு இரண்டுமே எருமையின் பெயரில். கல்கத்தாவிலிருந்து வந்த யூத மாட்டு வியாபாரி பெலிலியோஸின் பெயரில் ஒரு தெரு, கறிக்கடை நடத்திய டெஸ்கரின் பெயரில் இன்னொன்று. மாடு மேய்க்கவும் பால் கறக்கவும் சூளையில் வேகவும் தமிழர்கள் வந்தார்கள். அவர்களை நம்பி சாப்பாட்டுக் கடை, மளிகை, கோயில். வீரமாகாளியம்மன் கோயிலும் 1855-இல் தொடங்கிய பெருமாள் கோயிலும் இந்தச் சாலையில் எழுந்தது அப்படித்தான். பின்னர் மாடுகளை அப்புறப்படுத்தினார்கள், சூளைகள் மூடின. மனிதர்கள் மட்டும் இருந்துவிட்டார்கள்.

1935-இல் 'தமிழ் முரசு' தொடங்கிய கோ. சாரங்கபாணி திருவாரூர்க்காரர். குடியுரிமை வாங்கிக்கொள்ளுங்கள், பிள்ளைகளைத் தமிழ் படிக்க வையுங்கள் என்று அவர் விடாமல் எழுதியதும் தமிழர் திருநாளை நடத்தியதும் தமிழர்கள் இங்கே வேர்விட முக்கியக் காரணங்கள். இன்று குடிமக்களும் நிரந்தரவாசிகளுமாக உள்ளவர்களில் இந்தியர் ஏறத்தாழ 9 விழுக்காடு. எம்ஆர்டி நிலையங்களின் பெயர்ப்பலகையில் தமிழைப் பார்க்கும்போது அந்த வரலாறும் சேர்த்து நினைவுக்கு வர வேண்டும்.

தேக்கா சந்தையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. இப்போதுள்ள கட்டடம் 1982-இல் வந்தது. ஈரச்சந்தையில் முருங்கைக்காயும் வாழைப்பூவும், பக்கத்து உணவங்காடியில் பிரியாணியும் தே தாரேக்கும், மாடியில் சுடிதாரும். 1947 முதல் நடக்கும் கோமள விலாஸில் தோசை. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் மீன்தலைக் கறி. அது தமிழர் சமையல் என்று நாம் உரிமை கொண்டாடினாலும், 1940-களின் இறுதியில் அதை இங்கே கடைக்குக் கொண்டுவந்தவர் கோமஸ் என்ற மலையாளி. மீன்தலையை விரும்பிச் சாப்பிடும் சீன வாடிக்கையாளருக்காக நம் குழம்பில் அதைப் போட்டார். சிங்கப்பூரை ஒரு தட்டில் வைத்துக் காட்டச் சொன்னால் அதைத்தான் காட்டலாம்.

ஞாயிறு மாலையில் தேக்கா வேறு ஊர். தீவு முழுவதும் உள்ள தங்கும் விடுதிகளிலிருந்து கட்டுமானத் தொழிலாளர்கள் வந்து குவிகிறார்கள். நெரிசலும் விபத்தும் கோபமும் சேர்ந்து 2013 டிசம்பர் 8 இரவு கலவரமாக வெடித்ததை இந்தத் தெரு மறக்கவில்லை. அதன்பின் வந்த சட்டப்படி லிட்டில் இந்தியாவில் சனி காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்தக்கூடாது. புல்தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்த பட்டுக்கோட்டைப் பக்கத்து இளைஞர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கம்பி கட்டுகிற வேலை.

“ஆத்தப் பாத்திருக்கியா தம்பி?”

“ஆறா? இங்க எங்கண்ணே ஆறு?” யோசித்தார். “ஓ, அந்த போட்டு ஓடுற எடமா? அங்க ஒரு பில்டிங்ல ஆறு மாசம் வேல பாத்தேன். சாப்பாட்டு நேரத்துல கரையிலதான் உக்காருவோம். சுத்தமா இருக்கும்.”

அந்தச் சுத்தத்துக்கும் ஒரு கதை உண்டு. 1970-களில் சிங்கப்பூர் ஆறு நம் கூவத்துக்குச் சளைத்ததில்லை. எண்ணெய், காய்கறிக் கழிவு, சாக்கடை எல்லாம் அதில்தான். 1977 பிப்ரவரியில் பிரதமர் லீ குவான் இயூ, பத்து ஆண்டுகளில் இந்த ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கும் நிலை வர வேண்டும் என்று இலக்கு வைத்தார். ஆற்றை மட்டும் கழுவினால் நாற்றம் போகாது என்பது அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு ஆறுகளின் நீர்ப்பிடிப்புப் பகுதியிலும் இருந்த 610 பன்றிப் பண்ணைகள், 500 வாத்துப் பண்ணைகள் போயின. ஏறத்தாழ 26,000 குடும்பங்களைப் பெரும்பாலும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றினார்கள். தெருவோரக் கடைக்காரர்கள் உணவங்காடி நிலையங்களுக்குள் போனார்கள். 1983-இல் சுமார் 800 சரக்குப் படகுகளைப் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள். 1987-இல் பணி முடிந்தபோது ஆன செலவு, மறுகுடியேற்றச் செலவு நீங்கலாக, ஏறத்தாழ 170 மில்லியன் சிங்கப்பூர் டாலர்.

சென்னைக்காரருக்கு இதைப் படிக்கையில் பெருமூச்சு வரும். ஒரே 1869-இல் பாலம் கண்ட இரண்டு ஆற்றுவாய்கள், இரண்டு கதி. ஆனால் கூவம் பல உள்ளாட்சிகளைக் கடந்து எழுபது கிலோமீட்டர் வருகிறது. சிங்கப்பூர் ஆற்றில் ஊற்று முதல் கடல் வரை ஒரே அரசு, அகற்றப்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கட்டித் தயாராக வீடுகள். நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இந்தக் கடைசிப் பகுதி: வீட்டைக் கட்டிவிட்டுத்தான் குடிசையைக் காலி செய்யச் சொல்ல வேண்டும், அதுவும் பிழைப்புக்கு எட்டாத தொலைவில் அல்ல. சிங்கப்பூரும் விலை கொடுத்தது. படகுகள் போனதும் போட் கீ வெறிச்சோடியது. மூட்டை தூக்கியவரும் படகோட்டியும் கங்காணியும் இருந்த கரைக்கு மதுக்கூடமும் சுற்றுலாப் படகும் வந்தன. இன்று மின்சாரத்தில் ஓடும் அந்தப் படகுகளின் முகப்பில் பழைய வழக்கப்படி கண் வரைந்திருக்கிறார்கள். அதற்கு மேல் அந்தத் தொழிலின் மிச்சம் சிற்பங்களில்தான்.

2008-இல் மரினா தடுப்பணை வந்தபின் ஆற்றுக்குக் கடலும் இல்லை. 350 மீட்டர் அகலக் கால்வாயை அணை அடைத்துவிட்டது, ஏற்றவற்றம் நின்றது, உப்புநீர் மெல்ல நன்னீரானது. தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் பெய்யும் மழை அந்த நீர்த்தேக்கத்துக்கு வருகிறது. ஜொகூரிலிருந்து தண்ணீர் எடுக்கும் 1962-ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061-இல் முடிவதால் ஒவ்வொரு சொட்டுக்கும் இங்கே கணக்கு. ஒரு காலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த ஆறு, இப்போது சுத்திகரித்துக் குழாயில் வருகிறது. படகுத்துறைப் படிகளில் நீர்நாய்க் குடும்பம் மீனைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தால், அலுவலகம் போகிறவர்கள் நின்று படமெடுத்துவிட்டுத்தான் நகர்கிறார்கள்.

தேக்காவும் ஆறும் இன்றைய சுற்றுலா வரைபடத்தில் தனித்தனிப் பக்கங்கள். ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறை தமிழர்கள் அவற்றைக் கால்நடையாகவே இணைத்துவிடுகிறார்கள். தைப்பூசக் காவடிகள் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் புறப்பட்டு ஆற்றோரத்து டேங்க் ரோட்டுக்குப் போகின்றன. ஐப்பசியில் தீமிதிக்கு வேண்டிக்கொண்டவர்கள் அதே பெருமாள் கோயிலிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் நடந்து, ஆற்றைக் கடந்து, நாராயண பிள்ளையின் மாரியம்மன் கோயிலில் பூக்குழி இறங்குகிறார்கள். குடியிருப்பு வடக்கே நகர்ந்த வழியில் பக்தர்கள் தெற்கே திரும்பி நடக்கிறார்கள். இடம் மாறிய ஒரு சமூகம் தன் முதல் முகவரிக்குக் கட்டுகிற மொய் என்று அதைச் சொல்வேன்.

அந்த நாட்களில் போக வாய்க்காதவர்கள் ஒரு சாதாரணக் காலையில் எதிர்த்திசையில் நடக்கலாம். 7 மணிக்கு மாரியம்மன் கோயில், அங்கிருந்து சவுத் பிரிட்ஜ் ரோடு வழியாக எல்ஜின் பாலம், வலப்பக்கம் திரும்பி டல்ஹவுசி தூண், பிறகு தேவாலயம், பிராஸ் பாசா வழியாகச் சிராங்கூன் சாலை. குடை, தண்ணீர், தேய்ந்தாலும் பரவாயில்லாத செருப்பு போதும். வெயில் ஏறுவதற்குள் தேக்கா வந்துவிடும். முதலில் ஆறு, பிறகு தேக்கா. வரலாறு நடந்த வரிசை அது. காலைச் சாப்பாட்டுக்கும் அதுதான் சௌகரியம்.